அம்மாவுக்கு நாற்பது நிமிடம்

ஆறு நாளில் ஏழு இடிபாடுகள். எங்கள் பஸ்ஸின் விளம்பரமே அதுதான். மெக்சிகோவின் கான்கூனில் ஏறினால் சிச்சென் இட்சா, ஏக் பாலாம், கபா, உஷ்மால், எட்ஸ்னா, பலென்கே, யாஷ்சிலான் என்று வரிசையாக முடித்துவிட்டு இறங்கிவிடலாம். எங்கள் மாயா முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்து கட்டியதை நாங்கள் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்று பார்த்து முடிப்போம். ஏறுகிறவர்கள் எல்லாம் இளவட்டங்கள். முதுகில் ஆள் உயரத்துக்குப் பை, காலில் செருப்பு, கையில் கம்பெனி கட்டிவிட்ட ஆரஞ்சுப் பட்டை. நான் அவர்களுடைய வழிகாட்டி. என் பெயர் எர்மிலோ கௌவிச். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் மஞ்சள் கொடி.

போன வருடம் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி நான் செய்த காரியத்தைச் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்தபின் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது. வரவும் வேண்டாம்.

என் ஊர் போமுச். அங்கே செத்தவர்களை மூன்று வருடம் மண்ணில் விட்டுவைப்போம். பிறகு வெளியே எடுத்து, எலும்புகளைத் துடைத்து, பூவேலை செய்த துணி விரித்த மரப்பெட்டியில் அடுக்கி, கல்லறைத் தோட்டத்து மாடத்தில் காற்றோட்டமாக வைப்போம். பிறகு ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசியில், இறந்தவர்கள் திருநாளில் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருவதற்குமுன், பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத் துணி போட்டு மறுபடியும் துடைப்போம். குளிப்பாட்டுவது என்றுதான் சொல்வோம். குழி வெட்டுகிறவரிடம் கொஞ்சம் காசு கொடுத்தால் அவரே செய்துவிடுவார். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

என் அம்மா மர்த்தினியானாவுக்கு மட்டும் அது பிடிக்காது. ஊரில் அவளைத் தலை வாராமல் யாரும் பார்த்ததில்லை. பால்காரனுக்குக் கதவு திறக்கக்கூடக் கொண்டை போட்டுக்கொண்டுதான் வருவாள். படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதத்தில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மூணு வருசம் கழிச்சு வெளிய வரும்போது என்ன கோலத்துல இருப்பேனோ தெரியாது. அந்தக் கோலத்தை வெளியாள் பார்க்கக் கூடாது. மொத தடவை நீ வந்து தொடைச்சு விடுடா. அப்புறம் எவன் பார்த்தா எனக்கென்ன."

சரி என்றேன். சத்தியம் பண்ணு என்றாள். பண்ணினேன். அக்கா நெய்தி கட்டில் காலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே இருந்து மலம் மூத்திரம் அள்ளியவள் அக்கா. ஆனால் அம்மா கேட்டது என்னை. அக்கா அதற்கு முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த மூன்று வருடம் போன அக்டோபரில் முடிந்தது. அக்கா ஆகஸ்டிலிருந்தே போனில் நச்சரித்தாள். லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் முன்னதாக வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கம்பெனியில் லீவு கேட்கவும் கேட்டேன், ஆனால் அதைக் கேட்டது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. "அந்த வாரம் முடியுமா?" என்றேன், "ஆளில்லையே" என்றார்கள், "சரி" என்றுவிட்டேன். அம்மாவின் எலும்பு என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பார்கள். அந்தச் சொல் வாயில் வரவில்லை. கான்கூன் ஆபீசில் குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களிடம், நான் ஊருக்குப் போய் என் அம்மாவை எடுத்துத் துடைக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அங்கே நான் மெரிதா நகரத்துக்காரன். அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

அப்புறம் என் மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. உஷ்மாலிலிருந்து எட்ஸ்னாவுக்குப் போகிற வழியில் போமுச்சில் எங்கள் பஸ் எப்போதும் இருபது நிமிடம் நிற்கும். அங்கே ஒரு பேக்கரி. பன்றிக்கறியும் பாலாடைக்கட்டியும் மிளகாயும் அடைத்த ரொட்டிக்குப் பேர் போன இடம். அந்த இருபதை நாற்பதாக்கி, கல்லறைத் தோட்டத்தையும் காட்டுகிறேன் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். உடனே சம்மதம் வந்தது, கூடவே போனில் கைதட்டுகிற பொம்மைப் படமும் வந்தது. பயணிகள் ரொட்டி தின்றுகொண்டு அங்கங்கே வேடிக்கை பார்ப்பார்கள், அந்த நேரத்தில் நான் போய் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. லீவு கிடைக்கவில்லை, ஆனால் கட்டாயம் வருகிறேன், பன்னிரண்டரைக்குத் தயாராக இரு என்று அக்காவிடம் சொன்னேன். பஸ்ஸோடு வருகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்று காலை உஷ்மாலில் வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸில் ஏறியதும் முப்பத்தொரு பேரும் தூங்கி வழிய ஆரம்பித்தார்கள். தூங்குகிற கூட்டத்தை எழுப்பத் தெரியாதவன் வழிகாட்டி வேலைக்கு லாயக்கில்லை. மைக்கை எடுத்து அடுத்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். எலும்பு, பெட்டி, துணி என்று எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "நீங்க வாரத்துக்கு ஒருவாட்டி ஹாஸ்டல்ல துணி துவைக்கப் போடறீங்க இல்லையா, இந்த ஊர்க்காரங்க வருசத்துக்கு ஒருவாட்டி தாத்தாவைப் போடறாங்க" என்றேன். பஸ் அதிர்ந்தது. பின்சீட்டில் ஃபாபியோ என்கிற இத்தாலிக்காரன் ஜன்னலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிக்க வைத்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

டிரைவர் தோன் எலாதியோ மட்டும் சிரிக்கவில்லை. ஆறு வருடமாக என்னோடு ஓட்டுகிறவர். என் ஊர் எது என்று அந்த பஸ்ஸில் அவருக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கினோம். ஒன்று பத்துக்குப் புறப்பட்டாக வேண்டும், இல்லாவிட்டால் எட்ஸ்னாவில் உள்ளே விடமாட்டார்கள். யார் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், குடும்பங்களிடம் கேட்காமல் எதையும் தொடக் கூடாது, பேக்கரி எதிர்த் தெருவில் என்று படபடவென்று சொல்லிவிட்டு நான் விறுவிறுவென்று உள்ளே நடந்தேன். எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சந்துகளில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. இரண்டு பக்கமும் மஞ்சளும் நீலமுமாக மாடங்கள், மாடத்துக்கு மாடம் பெட்டி. சுண்ணாம்பு அடித்த வாசனை. தெரிந்த முகங்கள் நாலைந்து பேர் கையில் துணியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். தலையாட்டிவிட்டு நடந்தேன்.

எங்கள் மாடத்தின் முன்னால் அக்கா குந்தியிருந்தாள். குழி வெட்டுகிறவர் முந்தின நாளே திறக்காமல் எடுத்து வைத்துவிட்டார், மூடியைத் திறந்தது அக்காதான். ஒரு பழைய போர்வை மூடிய பெட்டி. பக்கத்தில் புதுப் பெட்டி, அதில் அக்காவே ஊதா நூலில் அம்மா பெயரைப் பின்னிய துணி. இரண்டு பிரஷ், ஒரு கட்டு வெள்ளைத் துணி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "வந்துட்டான்மா" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போர்வையை எடுத்தாள்.

அம்மா இருந்தாள். மண் ஒட்டிய பழுப்பு எலும்புகளும், கொஞ்சம் முடியும், புதைத்தபோது போட்டிருந்த பூப்போட்ட உடையின் கந்தலும். இதைத்தான் யாரும் பார்க்கக் கூடாது என்றாள். நான் முழங்கால் மடிக்கப் போனேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினேன். முப்பத்தொரு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சந்து முழுக்க நின்றார்கள். ஒருவரும் பேக்கரிக்குப் போகவில்லை, ஒருவரும் சுற்றப் போகவில்லை. மூன்று நாளாக அவர்களை நான் எப்படிப் பழக்கியிருந்தேனோ அப்படியே வந்திருந்தார்கள். என் வலது கை தலைக்கு மேலே இருந்தது, அதில் மஞ்சள் கொடி. பழக்கதோஷத்தில் அதைத் தூக்கிக்கொண்டே நடந்து வந்திருக்கிறேன். அத்தனை பேரையும் அம்மாவிடம் கூட்டி வந்தவன் நான்தான்.

போன்கள் எழும்பின. முன்னால் நின்றவள் மாரிட் என்ற நார்வேக்காரி, நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு ஊர் சுற்ற வந்தவள். அவள் ஒருத்தி மட்டும் போனைப் பைக்குள் போட்டாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இது உங்க குடும்பமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் சிரித்த சிரிப்பு இன்னும் சில முகங்களில் மிச்சம் இருந்தது. ஃபாபியோ பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்ல அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இல்ல, இல்ல. நம்ம ஃபேமிலி இல்ல" என்றேன் ஆங்கிலத்தில். "தெரிஞ்சவங்க. பார்க்க அனுமதி குடுத்திருக்காங்க."

இவ்வளவுதான் நடந்தது. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆமாம், என் அம்மா, கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் தலை குனிந்து போயிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு அது அன்று ராத்திரிக்குள் தெரிந்துவிட்டது, அந்த நிமிடத்தில் தெரியவில்லை.

அக்காவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் நான் தலையாட்டியதும், கையை விரித்ததும், அந்த 'ஃபேமிலி'யும் போதுமானதாக இருந்தன. எங்கள் மாயா மொழியில், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"யாரோன்னு சொல்லிட்டியா?"

"அப்புறம் சொல்றேன்க்கா. இவங்க போகட்டும்."

"எப்போ போவாங்க?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அக்கா என் கையை, கடிகாரத்தை, கொடியை எல்லாம் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. ஒரு பிரஷை எடுத்து, எனக்கு நீட்டுவது போல வந்து, என்னைத் தாண்டி மாரிட்டிடம் நீட்டினாள்.

"அந்தப் பொண்ணைச் செய்யச் சொல்லு. யாரோ ஒருத்திக்கு யாரோ ஒருத்தி செய்யட்டும்."

எதற்கு இது என்று மாரிட் என்னைப் பார்த்தாள். அந்த அம்மாள் உங்களைக் குளிப்பாட்டச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். பெரிய மரியாதை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. பையைக் கழற்றி வைத்துவிட்டு, கையைத் தண்ணீர் பாட்டிலில் கழுவிவிட்டு, அக்கா பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். நான் உட்கார வேண்டிய இடம் அது.

அதன்பிறகு அக்கா சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். கால் விரலிலிருந்து ஆரம்பிக்கணும், தலை கடைசியில்தான். சின்ன எலும்பு ஒன்றுகூடக் கீழே விழக் கூடாது. அக்கா, "அம்மாவுக்கு முட்டி வலி இருந்துச்சு, அங்க மெதுவா" என்றாள். நான், "இந்தப் பெரியம்மாவுக்கு முட்டி வலி இருந்ததாம்" என்றேன். ஒவ்வொரு தடவையும் அக்கா அம்மா என்றாள், நான் பெரியம்மா என்றேன். அக்கா அதைக் கண்டுகொள்ளாத மாதிரி அடுத்ததைச் சொன்னாள்.

"பேசிக்கிட்டே தொடைக்கச் சொல்லு. பேசாம தொட்டா அம்மா பயந்துக்குவா."

என்ன பேசுவது என்று மாரிட் கேட்டாள். எதுவானாலும் சரி என்றாள் அக்கா. மாரிட் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் மொழியில் மெல்லப் பேச ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. குழந்தையைத் தூங்க வைக்கும்போது பேசுகிற குரல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இடையிடையே, துணியில் பின்னியிருந்ததைப் படித்து, 'மர்த்தினியானா' என்றது மட்டும் காதில் விழுந்தது. சந்தில் நின்றவர்களின் இளிப்பு நின்றுபோயிருந்தது. சில பேர் போனை இறக்கினார்கள், சில பேர் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாதிப் பேர் ஓசைப்படாமல் நகர்ந்து போய்விட்டார்கள்.

தொடை எலும்பைத் துடைக்கும்போது மாரிட் தலை நிமிராமல் கேட்டாள்: "இவங்களுக்கு இந்த மகளைத் தவிர வேற பிள்ளைங்க இல்லையா?"

மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"இருக்கான்னு சொல்லு" என்றாள் அக்கா. "பஸ்ல வேலை பார்க்கிறான். நேரம் கிடைக்கலையாம்னு சொல்லு."

"ஒரு மகன் இருக்காராம். தூரத்துல வேலையாம்" என்றேன்.

"பாவம் அவர்" என்றாள் மாரிட்.

ஒன்று ஐந்துக்கு ஹாரன் அடித்தது. நான் கொடியைத் தூக்கினேன். மிச்சமிருந்தவர்கள் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். மாரிட் எழுந்திருக்கவில்லை. இடுப்பு வரைதான் முடிந்திருந்தது. நேரமாகிவிட்டது என்றேன்.

"பாதியில எப்படி விட்டுட்டு வர்றது?"

பஸ் நிற்காது, தங்கிவிடுகிறவர்கள் தங்கள் சொந்தச் செலவில் வந்து சேர வேண்டும், எட்ஸ்னா போய்விடும் என்று விதிமுறையை ஒப்பித்தேன். எட்ஸ்னாதான் அவள் ரொம்ப ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம். முதல் நாளிலிருந்து அதைப் பற்றித்தான் என்னைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"பரவால்ல. நீங்க போங்க. நான் பலென்கேல வந்து சேர்ந்துக்கறேன்" என்றாள்.

நீங்க போங்க. அதைச் சொல்ல அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முடியை விரலால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் தோன் எலாதியோ பஸ் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மாவைப் பார்த்தியா தம்பி?"

"பார்த்தாச்சு."

"முடிஞ்சுதா?"

நான் கொடியைச் சுருட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ இரு. எட்ஸ்னாவுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். உள்ள உள்ளூர் கைடு யாராவது கிடைப்பான். கம்பெனிக்கு உனக்கு வயித்துப்போக்குன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் வர்றதுதானே?"

இதைவிட ஒரு மனிதன் என்ன செய்துவிட முடியும்? வழியைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். நான் திரும்பி உள்ளே போயிருக்கலாம். ஆனால் உள்ளே போனால், சற்றுமுன் யாரோ என்று சொன்ன பெட்டிக்கு முன்னால், அந்தப் பெண்ணின் கண்ணெதிரே மண்டி போட வேண்டும். பொய் சொன்னேன் என்று அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது அவ்வளவுதான், ஐந்து நிமிடத்து அவமானம். அதைத் தாங்க மாட்டாமல் பஸ்ஸில் ஏறினேன்.

ஏறினதோடு விட்டேனா? எட்ஸ்னா வரும்வரை மைக்கில் பேசினேன். இந்தக் குளிப்பாட்டலின் அர்த்தம் என்ன, இறந்தவர்களோடு எங்கள் மக்களுக்குள்ள உறவு என்ன என்று உருகி உருகிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். முன்சீட்டில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோன் எலாதியோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

எட்ஸ்னாவில் சுற்றிக் காட்டிவிட்டு கம்பெச்சேயில் தங்கினோம். அக்காவுக்குப் போன் செய்ய நினைத்தேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாலு தடவை செய்தி எழுதி நாலு தடவையும் அழித்தேன். ஓட்டலில் பையன்களும் பெண்களும் என்னிடம் வந்து, மாரிட் பத்திரமாக இருக்கிறாளா, அந்த அம்மாள் அவளுக்குச் சாப்பாடு கொடுத்திருப்பாரா, நாம் எல்லோரும் அப்படிக் கும்பலாகப் போய் நின்றது தப்பில்லையா என்று கேட்டார்கள். ஃபாபியோகூடக் கேட்டான், தான் சிரித்தது அந்தக் குடும்பத்துக்குக் கேட்டிருக்குமோ என்று. கேட்டிருக்காது என்றேன்.

மறுநாள் விடிகாலையில் கிளம்பி பதினொரு மணிக்கு பலென்கே போய்ச் சேர்ந்தோம். வாசலில் மாரிட் தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்திருக்கிறாள், கண் சிவந்திருந்தது. எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, என்னை ஓர் ஓரமாக அழைத்துப் போனாள். உங்கள் அக்கா வீட்டுச் சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தேன் என்றாள். கம்பெனிச் சட்டையோடு, அம்மாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு எடுத்த படம்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"என்னை மன்னிச்சிடுங்க எர்மிலோ" என்றாள். "உங்க அம்மான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன். அது உங்க இடம்."

தரை பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. அவளே பேசினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பெட்டி மாடத்துக்குப் போய்விட்டது, அக்கா மகள் கொஞ்சம் ஆங்கிலம் பேசினாள் என்றாள். பிறகு ஒன்று சொல்லலாமா என்று தயங்கினாள்.

"இடது கையில, மணிக்கட்டுக்கு மேல, எலும்பு ஒருதரம் உடைஞ்சு கூடியிருக்கு. சரியா வச்சுக் கட்டாததால கோணலா கூடியிருக்கு. ரொம்ப வலிச்சிருக்கும். உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது.

"உங்க அக்கா சொன்னாங்க. நீங்க கான்கூன்ல வேலைக்குச் சேர்ந்த மொத வாரம், கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டாங்களாம். உங்ககிட்டச் சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்கன்னு யாரையும் சொல்ல விடலையாம்."

ஓடி வந்துவிடுவேன் என்று என் அம்மா நம்பியிருக்கிறாள். அந்த வாரம் அவள் போனில் பேசியது ஞாபகம் இருக்கிறது. புதுச் சட்டை எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றுதான் கேட்டாள். எந்த இடத்தில் என்று மாரிட்டிடம் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து, கடிகாரத்துக்கு இரண்டு விரற்கடை மேலே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள்.

உள்ளே பெரிய பிரமிடுக்கு எதிரே, மரநிழலில், எல்லோரையும் உட்கார வைத்தேன். அந்தப் பிரமிடுக்குள்ளே ஓர் அரசனின் எலும்புகள் கிடைத்தன. அவற்றைப் பற்றி இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவேன். முகத்தில் பச்சைக்கல் முகமூடி இருந்தது, செத்தபோது வயது நாற்பதா எண்பதா என்று படித்தவர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள், பல் தேய்மானம் என்ன சொல்கிறது என்று எல்லாம் மனப்பாடம். வாயைத் திறந்தேன். முதல் வரி வரவில்லை. யாரோ தண்ணீர் வேண்டுமா என்றார்கள்.

"நேத்து நீங்க பார்த்த பெட்டியில இருந்தது எங்க அம்மா" என்றேன். "அவங்களை முதல்ல நான்தான் குளிப்பாட்டணும்னு கேட்டிருந்தாங்க. வெளியாள் யாரும் பார்க்கக் கூடாதுன்னும் சொல்லியிருந்தாங்க. உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போனவன் நான்தான். யாரோன்னு சொன்னதும் நான்தான்."

ஒரு பெண் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சிலர் தரையைப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து நிமிடம் இருக்கிறது, நீங்களே சுற்றிப் பாருங்கள் என்றேன்.

எல்லோரும் போனபிறகு ஃபாபியோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, தான் எடுத்த படங்களையெல்லாம் அழித்துவிட்டதாகவும், ஒன்றை மட்டும் எனக்காக வைத்திருப்பதாகவும், நான் பார்த்தபிறகு அதையும் அழித்துவிடுவதாகவும் சொன்னான். "உங்ககிட்ட அம்மாவோட நேத்து எடுத்த படம் இருக்காதேன்னுதான்" என்றான். உண்மையான அன்போடுதான் சொன்னான்.

அதை என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். இன்னும் இருக்கிறது. அக்காவுக்கு அனுப்பவில்லை. படத்தில் மாரிட் குனிந்து, அம்மாவின் கால் எலும்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். அக்கா வெள்ளைத் துணியை நீட்டுகிறாள். இரண்டு பேர் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது. அவர்களுக்குப் பின்னால், கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் நிற்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.